ஆய்வேட்டுக்கு எந்த ரெஃபரன்ஸ் மென்பொருள்? அடிக்கடி வரும் கேள்விகள்

பல்கலைக்கழக நூலகத்தில் ஆய்வாளர்களுக்கு ரெஃபரன்ஸ் மென்பொருள் (படித்த நூல், கட்டுரை விவரங்களைச் சேர்த்து வைத்து, மேற்கோளையும் துணைநூற்பட்டியலையும் தானே எழுதித் தருவது) பழக்கிக் கொடுப்பது என் வேலையில் ஒரு பகுதி. வகுப்பில் யாரும் வாய் திறக்க மாட்டார்கள். முடிந்ததும் வாசலில் நிறுத்திக் கேட்பார்கள், அப்புறம் வாட்ஸ்அப்பில் கேட்பார்கள், சமர்ப்பிப்பதற்கு முந்தின நாள் இரவு பதறிப்போய்க் கேட்பார்கள். அப்படி வந்தவற்றைத் தொகுத்திருக்கிறேன். பதில்களில் என் சாய்வு தெரியும், மறைக்க முயலவில்லை.

மொத்தமே முப்பது நாற்பது நூல்தான். கையால் அடித்துக்கொண்டால் ஆகாதா?

ஆகும். ஒரு கருத்தரங்கக் கட்டுரை, பன்னிரண்டு மேற்கோள், அந்தத் தலைப்புக்கு இனித் திரும்பப் போவதில்லை என்றால் மென்பொருள் பழகும் நேரத்தில் பட்டியலையே அடித்து முடித்துவிடலாம்.

முனைவர் பட்டம் வேறு கதை. ஐஇஇஇ போல எண் போடும் நடையில் எழுதுகிறீர்கள் என்று வையுங்கள். இரண்டாம் இயலில் இருக்கும் 14ஆம் கட்டுரை தேவையில்லை, எடுத்துவிடுங்கள் என்கிறார் கைடு. 15 என்பது 14 ஆக வேண்டும், 16 என்பது 15 ஆக வேண்டும், இப்படியே 212 வரைக்கும். கையால் மாற்றினால் ஒரு நாள் போகும். போன பிறகும் எங்காவது ஒன்று தப்பி நிற்கும். வைவாவுக்கு (வாய்மொழித் தேர்வுக்கு) வருகிற புறத்தேர்வாளர் கண்ணில் சரியாக அந்த ஒன்றுதான் படும். மென்பொருளில் எழுதியிருந்தால் அந்த மேற்கோளை அழித்துவிட்டு ‘ரிஃப்ரெஷ்’ அழுத்தினால் போதும், எண்கள் தாமே நகர்ந்துகொள்ளும்.

சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள். எதை எடுக்கட்டும்?

ஜோட்டேரோ.

இரண்டு விதிவிலக்கு உண்டு. உங்கள் ஆய்வகம் முழுவதும் எண்ட்நோட்டில் இருக்கிறது, கைடு பத்து வருடமாகச் சேர்த்த பட்டியலை அப்படியே தரப்போகிறார் என்றால் எண்ட்நோட். வேர்டைத் தொடவே மாட்டேன், எல்லாமே லேடெக்ஸ்தான் (கட்டளை அடித்து ஆவணம் செய்யும் முறை) என்றால் ஜேப்ரெஃப். மற்றவர்கள் ஜோட்டேரோவை நிறுவிவிட்டு நேராகத் தமிழ்ப் பெயர் பற்றிய கேள்விக்குப் போய்விடலாம். அடுத்து வரும் சில பதில்கள், காரணம் கேட்பவர்களுக்கு.

எந்த மென்பொருளிலும் நுழைவது சுலபம். நுழைப்பதற்கென்றே சம்பளம் வாங்குபவர்கள் இருக்கிறார்கள். நான் பார்ப்பது வெளிவாசலை. நான்கு வருடம் கழித்து, என் 600 பதிவுகளையும் பிடிஎஃப்களையும் ஓரக்குறிப்புகளையும் மூட்டை கட்டிக்கொண்டு, யாரிடமும் கெஞ்சாமல் வெளியே வர முடியுமா? இந்தக் கேள்விக்கு ஜோட்டேரோ தருகிற பதில்தான் எனக்குப் பிடித்திருக்கிறது.

ஜோட்டேரோ யாருடையது? இன்று இலவசம் என்று சொல்லிவிட்டு நாளை காசு கேட்க மாட்டார்களா?

அமெரிக்காவில் வர்ஜீனியாவில் உள்ள ஜார்ஜ் மேசன் பல்கலைக்கழகத்தின் வரலாறு மற்றும் புதிய ஊடக மையத்தில் 2006இல் பிறந்தது. அதாவது வரலாற்று ஆய்வாளர்கள் தங்கள் தேவைக்குச் செய்துகொண்ட கருவி. முதலில் ஃபயர்ஃபாக்ஸ் பிரவுசருக்குள் ஓடும் ஆட்-ஆன் மட்டும்தான். பிறகு தனிச் செயலியாக வளர்ந்தது. பெயர் அல்பேனிய மொழிச் சொல்லிலிருந்து வந்தது, ‘கைவசப்படுத்து’ என்பது போன்ற பொருள். இப்போது லாப நோக்கில்லாத ஒரு நிறுவனம் பார்த்துக்கொள்கிறது. மூலநிரல் திறந்தே இருக்கிறது. நாளை அவர்கள் மனம் மாறினாலும் வேறு யாராவது அந்த நிரலை எடுத்துத் தொடரலாம். உங்கள் தரவும் உங்கள் கணினியிலேயே ஒரு சாதாரணத் தரவுத்தளக் கோப்பாக இருக்கும்.

2008இல் ஒரு வழக்கு நடந்தது. அப்போது எண்ட்நோட்டை வைத்திருந்த தாம்சன் ராய்ட்டர்ஸ் நிறுவனம், ஜார்ஜ் மேசன் பல்கலைக்கழகத்தின்மீது வழக்குப் போட்டது. எண்ட்நோட்டின் மேற்கோள் நடைக் கோப்புகளை ஜோட்டேரோவில் படிக்க வழி செய்துவிட்டார்கள் என்பது குற்றச்சாட்டு. கேட்ட இழப்பீடு ஒரு கோடி டாலர். அடுத்த வருடமே வழக்கு தள்ளுபடியானது. காற்புள்ளி எங்கே வரும், சாய்வெழுத்து எங்கே வரும் என்று சொல்கிற கோப்புக்கு இத்தனை மல்லுக்கட்டு! வெளிவாசல் ஏன் முக்கியம் என்று வகுப்பில் யாராவது கேட்டால் இந்தக் கதையைத்தான் சொல்வேன்.

என் சீனியர்கள் எல்லாரும் மெண்டலிதான். அதில் என்ன குறை?

பயன்படுத்தலாம், ஒன்றும் ஆகாது. 2007இல் லண்டனில் மூன்று ஜெர்மானிய ஆய்வு மாணவர்கள் தொடங்கியது. மெண்டல், மெண்டெலீவ் என்ற இரண்டு அறிவியலாளர் பெயரையும் சேர்த்து வைத்த பெயர். 2013இல் எல்செவியர் என்ற ஆய்விதழ்ப் பதிப்பகம் வாங்கியது. இலவசமாக 2 ஜிபி இடம் தருகிறார்கள், ஜோட்டேரோவைவிட எவ்வளவோ அதிகம்.

என் தயக்கம் வாங்கிய பிறகு நடந்தவற்றால் வந்தது. 2018இல் கணினிச் செயலியின் தரவுத்தளத்தை மறையாக்கம் செய்தார்கள், பாதுகாப்புக்காக என்றார்கள். மற்ற மென்பொருள்கள் அதை நேராகத் திறந்து படிக்க முடியாமல் போனது. 2021இல் கைபேசிச் செயலிகளை நிறுத்தினார்கள். 2022இல் பழைய டெஸ்க்டாப் செயலியைப் பதிவிறக்கும் வசதியும் போயிற்று. புதியது வேறு வடிவம். உங்கள் சீனியர் சொல்லித்தரும் மெண்டலியும் நீங்கள் இன்று நிறுவும் மெண்டலியும் ஒன்றல்ல என்பதை முதல் நாளே தெரிந்துகொள்ளுங்கள். அவர் காட்டும் மெனுவைத் தேடி அரை நாள் போக்கியவர்களைப் பார்த்திருக்கிறேன். இன்னொன்று, புதிய மெண்டலியின் மேற்கோள் செருகி வேர்டுக்கு மட்டும்தான். லிப்ரே ஆஃபீஸில் எழுதுபவர்களுக்கு அங்கே இடமில்லை.

எண்ட்நோட்டுக்குக் காசு கொடுப்பது வீணா?

கொடுப்பவர் நீங்களாக இருந்தால் யோசியுங்கள். முழு உரிமத்தின் விலை 200 டாலருக்கு மேல். பல்கலைக்கழகம் கொடுப்பதாக இருந்தால் அது நல்ல மென்பொருள்தான். 1980களின் இறுதியிலிருந்து இருக்கிறது. மருத்துவத் துறையில் முறைசார் மீளாய்வு செய்பவர்கள் ஐயாயிரம் பதிவுகளைக் கொட்டி, இரட்டிப்புகளைக் களைய அதைத்தான் நம்புகிறார்கள். இப்போது கிளாரிவேட் நிறுவனத்திடம் இருக்கிறது.

ஒரே ஒரு எச்சரிக்கை. எண்ட்நோட் நூலகம் என்பது ஒரு கோப்பும், அதே பெயரில் ‘டேட்டா’ என்று முடிகிற ஒரு கோப்புறையும் சேர்ந்தது. பென்டிரைவில் கோப்பை மட்டும் எடுத்துக்கொண்டு வந்துவிட்டு, “சார், பிடிஎஃப் ஒன்றுமே திறக்கவில்லை” என்பார்கள். கோப்புறை வீட்டுக் கணினியில் இருக்கும். நகர்த்துவதாக இருந்தால் மென்பொருளுக்குள்ளேயே இருக்கும் ‘கம்ப்ரெஸ்டு லைப்ரரி’ வழியாக ஒரே கோப்பாக்கி நகர்த்துங்கள்.

வேர்டிலேயே ‘ரெஃபரன்சஸ்’ என்று ஒரு மெனு இருக்கிறதே?

இருக்கிறது. அதில் உள்ள ஏபிஏ நடை (பல துறைகளில் கேட்கிற மேற்கோள் முறை) ஆறாம் பதிப்பு. உலகம் 2019 அக்டோபரிலேயே ஏழாம் பதிப்புக்குப் போய்விட்டது.

லேடெக்ஸில் எழுதுகிறேன். எனக்கு எதற்கு இதெல்லாம்?

உங்களுக்கு வேண்டியது ஒழுங்கான ஒரு பிப்டெக்ஸ் கோப்பு (லேடெக்ஸ் படிக்கிற நூற்பட்டியல்), அவ்வளவுதான். பிப்டெக்ஸ் 1985இலிருந்து இருக்கிறது. வெறும் எழுத்துக் கோப்பு என்பதால் இன்னும் நாற்பது வருடம் கழித்தும் திறக்கும். வெளிவாசல் கணக்கில் இதை மிஞ்ச ஒன்றும் கிடையாது. ஜேப்ரெஃப் அந்தக் கோப்பையே தன் தரவுத்தளமாக வைத்து வேலை செய்யும். பிரவுசரிலிருந்து ஒரே சொடுக்கில் சேமிக்கும் சுகமும் வேண்டும் என்றால் ஜோட்டேரோவில் ‘பெட்டர் பிப்டெக்ஸ்’ என்ற இணைப்பைப் போட்டுக்கொள்ளுங்கள். நீங்கள் ஒரு பதிவைத் திருத்தினால் பிப்டெக்ஸ் கோப்பும் தானாகப் புதுப்பிக்கப்படும். தலைப்பில் வரும் டிஎன்ஏ போன்ற பெரிய எழுத்துச் சொற்களுக்கு வளைவு அடைப்பு போடுவதை மட்டும் மறக்காதீர்கள். மறந்தால் பல நடைகளில் அது சின்ன எழுத்தாகச் சுருங்கி அச்சாகும்.

ஜோட்டேரோவில் 300 எம்பிதான் இலவசமாமே? நூறு பிடிஎஃப்கூடத் தாங்காதே.

இதைக் கேட்டே பலர் மெண்டலிக்குப் போய்விடுகிறார்கள், ஆகவே கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன். 300 எம்பி என்பது அவர்களுடைய சர்வரில் இணைப்புக் கோப்புகளுக்குத் தரப்படும் இடம். பதிவுகள், குறிப்புகள், கோப்புறை அமைப்பு இவற்றுக்கு வரம்பே இல்லை. உங்கள் கணினியில் எத்தனை ஜிபி பிடிஎஃப் வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம். ஒரே மடிக்கணினியில் வேலை செய்பவருக்கு இந்த 300 ஒரு பொருட்டே இல்லை. அமைப்புகளில் ‘ஃபைல் சிங்க்’ என்பதை அணைத்துவிட்டு, வாரம் ஒரு முறை வெளி ஹார்ட் டிஸ்க்கில் படி எடுத்தால் போதும். இரண்டு கணினி வேண்டும் என்றால் வருடத்துக்கு 20 டாலருக்கு 2 ஜிபி, 60 டாலருக்கு 6 ஜிபி, 120 டாலருக்கு வரம்பில்லாத இடம். வெப்டேவ் வசதி தரும் சேமிப்பகம் ஏதாவது உங்களிடம் இருந்தால் அதையும் இணைக்கலாம், ஆனால் குழு நூலகத்துக்கு அது செல்லாது.

அப்புறம், குறுக்கு வழி ஒன்று எல்லாருக்கும் தோன்றும். ஜோட்டேரோ கோப்புறையை அப்படியே ஒரு மேகச் சேமிப்புக் கோப்புறைக்குள் தூக்கிப் போட்டால் இரண்டு கணினிக்கும் சேர்ந்துவிடுமே என்று. எனக்கும் தோன்றியது. வீட்டிலும் அலுவலகத்திலும் இரண்டையும் திறந்து வைத்திருந்தேன். தரவுத்தளக் கோப்பை ஒரு பக்கம் மென்பொருள் எழுதிக்கொண்டிருக்க, இன்னொரு பக்கம் ஒத்திசைவு அதைப் பாதியில் பிடித்து ஏற்றிவிட்டது. மறுநாள் காலை நூலகம் திறக்கவில்லை. பழைய படி கைவசம் இருந்தது. ஆனால் அதற்குப் பிறகு எழுதிய பதினேழு நாள் குறிப்பு போயே போயிற்று. அப்படிச் செய்யாதீர்கள் என்று அவர்களுடைய உதவிப் பக்கத்தில் தெளிவாகவே எழுதியிருந்தார்கள். நான்தான் படிக்கவில்லை.

பிடிஎஃபை இழுத்துப் போட்டால் எல்லா விவரமும் தானாக வருகிறதே. அப்படியே விடலாமா?

வருவது வரட்டும், ஆனால் வந்த அன்றே ஒரு முறை கண்ணால் பார்த்துவிடுங்கள். அரை நிமிட வேலை. நான்கு வருடம் கழித்து 600 பதிவை ஒன்றாகத் திருத்துவது என்றால் அது தண்டனை.

பார்க்க வேண்டியது அதிகமில்லை. பதிவின் வகை சரியா? நூலின் ஒரு இயல், ‘நூல்’ என்று விழுந்திருக்கும். வருடம் சரியா? இணையத்தில் ஏற்றிய வருடம் உட்கார்ந்திருக்கும். ஆங்கிலத் தலைப்பு எப்படி இருக்கிறது? ஒவ்வொரு சொல்லும் பெரிய எழுத்தில் தொடங்கியிருந்தால் தலைப்பின்மீது வலது சொடுக்கி ‘சென்டென்ஸ் கேஸ்’ ஆக்குங்கள், பிறகு ஊர்ப்பெயர், ஆள்பெயரை மட்டும் கையால் சரி செய்யுங்கள். ஏன் இந்தத் திசையில் என்றால், சாதாரண வாக்கிய எழுத்திலிருந்து எம்எல்ஏ என்ற மேற்கோள் நடை கேட்கிற பெரிய எழுத்துக்கு மென்பொருள் தானே மாற்றிவிடும். எதிர்த்திசையில் அதற்கு எது ஊர்ப்பெயர் எது சாதாரணச் சொல் என்று தெரியாது.

பிடிஎஃபை எங்கிருந்தோ இறக்கி இழுத்துப் போடுவதைவிட, ஆய்விதழின் பக்கத்தில் நின்றுகொண்டு பிரவுசரில் ஜோட்டேரோவின் கனெக்டர் பொத்தானை அழுத்துவது நல்லது. அதைவிட நல்லது டிஓஐ எண்ணை (ஒவ்வொரு கட்டுரைக்கும் உரிய நிரந்தர அடையாள எண்) நகலெடுத்து, மந்திரக்கோல் போல ஒரு பொத்தான் இருக்கிறதே, அதில் ஒட்டுவது. நூல்களுக்கு ஐஎஸ்பிஎன், அதாவது நூலின் அடையாள எண்.

நம் பெயர்கள் எல்லாம் தலைகீழாக வருகின்றன. என்ன செய்வது?

இதற்குத்தான் காத்திருந்தேன். இந்த மென்பொருள்கள் எல்லாமே ‘முதற்பெயர், குடும்பப் பெயர்’ என்று இரண்டு பெட்டி வைத்துச் செய்யப்பட்டவை. நமக்குக் குடும்பப் பெயரே கிடையாது. அப்பா பெயரின் முதல் எழுத்துதான் உண்டு.

கையோடு ஒன்றைச் செய்து பாருங்கள். ஏ. பி. ஜே. அப்துல் கலாம் எழுதிய ஆங்கில நூல் ஒன்றை ஐஎஸ்பிஎன் கொடுத்து இறக்குங்கள். பெரும்பாலும் குடும்பப் பெயர்ப் பெட்டியில் ‘கலாம்’ என்றும், முதற்பெயர்ப் பெட்டியில் ‘ஏ. பி. ஜே. அப்துல்’ என்றும் விழுந்திருக்கும். ஏபிஏ நடையில் அது ‘கலாம், ஏ. பி. ஜே. ஏ.’ என்று அச்சாகும். அப்துலின் ‘ஏ’ ஒரு இனிஷியலாகிக் கடைசியில் ஒட்டிக்கொண்டிருக்கும். குடும்பப் பெயர்ப் பெட்டியில் ‘அப்துல் கலாம்’ என்று முழுதாக வையுங்கள், முதற்பெயர்ப் பெட்டியில் ‘ஏ. பி. ஜே.’ மட்டும். சரியாகிவிடும்.

பொது விதி இதுதான்: ஒருவரை எந்தப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறோமோ அது குடும்பப் பெயர்ப் பெட்டிக்கு; இனிஷியல் முதற்பெயர்ப் பெட்டிக்கு. பெட்டியின் பெயரைப் பார்த்து மயங்க வேண்டாம். ‘எஸ். கார்த்திகேயன்’ என்பவர் ஆய்விதழின் படிவத்தில் ‘லாஸ்ட் நேம்’ கட்டாயம் என்று கேட்டதும் அதில் ‘எஸ்’ என்று போட்டிருப்பார். உங்களிடம் வந்து சேரும்போது அவர் ‘எஸ், கே.’ ஆகியிருப்பார். மலேசியத் தமிழர் பெயரில் நடுவில் ‘அ/லெ’, ‘அ/பெ’ வரும்; இன்னாரின் மகன், மகள் என்று பொருள். அதற்கு முன்னால் இருப்பதுதான் அவர் பெயர், அகரவரிசையில் அங்கேதான் வர வேண்டும்.

இன்னொரு நோய் உண்டு. கட்டுரை நடுவே சில இடத்தில் மட்டும் ‘(ஆர். கவிதா, 2015)’ என்று திடீரென இனிஷியல் முளைக்கும். மென்பொருள் பழுது என்று நினைப்பார்கள். ஒரே பெயரில் இரண்டு ஆசிரியர் இருந்தால் பிரித்துக் காட்ட ஏபிஏ இனிஷியல் போடச் சொல்கிறது. மென்பொருள் அதைத்தான் செய்கிறது. உங்கள் நூலகத்தில் ஒரு பதிவில் ‘ஆர். கவிதா’, இன்னொன்றில் ‘கவிதா ஆர்’, மூன்றாவதில் புள்ளியில்லாமல் ‘ஆர் கவிதா’ என்று இருக்கும். அதற்கு மூன்று பேராகத் தெரிகிறது. மூன்றையும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக்கினால் இனிஷியல் மறைந்துவிடும். ஆனால் திருமணத்துக்குப் பின் கணவர் இனிஷியலில் எழுதுகிற ஆசிரியர் என்றால் நீங்களாக ஒன்றாக்கக் கூடாது. நூலில் எப்படி இருக்கிறதோ அப்படியே விடுங்கள்.

ஆய்வேடே தமிழில்தான். இது தமிழுக்கு ஒத்துவருமா?

ஒத்துவரும், கொஞ்சம் முரண்டு பிடிக்கும். யூனிகோடில் அடிக்கிற எதையும் ஜோட்டேரோ ஏற்கும். பழைய எழுத்துருவில் செய்த பிடிஎஃபிலிருந்து தலைப்பை நகலெடுத்தால் ஆங்கில எழுத்துகளும் புள்ளிகளுமாகச் சிதறி வரும். அதைத் திருத்த உட்காராமல் புதிதாக அடித்துவிடுவதே வேகம். தமிழ்ப் பதிப்பகங்களின் நூல்கள் பலவற்றுக்கு ஐஎஸ்பிஎன் போட்டாலும் ஒன்றும் வராது, பழைய நூலென்றால் எண்ணே இருக்காது. கையால் நிரப்பத்தான் வேண்டும். நூலட்டையை நம்பாமல் உள்பக்கத்தைப் பாருங்கள், மறுபதிப்பா முதற்பதிப்பா என்று அங்கேதான் இருக்கும்.

தமிழ் எழுத்தில் உள்ள ஆசிரியர் பெயருக்கு நான் ஒற்றைப் பெட்டி முறையைத்தான் சொல்கிறேன். பெயருக்குப் பக்கத்தில் உள்ள சின்னக் குறியை அழுத்தினால் இரண்டு பெட்டி ஒன்றாகும். அதில் ‘வரதராசன், மு.’ என்று அடித்தால் அடித்தபடியே அச்சாகும். மேற்கோளிலும் இனிஷியல் சேர்ந்தே வரும் என்பது இதன் விலை. தமிழ் ஆய்வேட்டில் அது யாருக்கும் உறுத்தாது. ஆனால் முடிவு செய்யும் முன் ஐந்தாறு பதிவை மட்டும் போட்டு, ஒரு பக்கம் எழுதி, பட்டியல் எப்படி வருகிறது என்று பார்த்துவிடுங்கள்.

பழைய நூல்களில் ‘விகாரி ஆண்டு’ என்று மட்டும் இருக்கும். அறுபது வருடச் சுற்று என்பதால் அது 1899ஆகவும் இருக்கலாம், 1959ஆகவும் இருக்கலாம். தேதிப் பெட்டியில் நீங்கள் உறுதி செய்த ஆங்கில ஆண்டை இடுங்கள், நூலில் உள்ளதை ‘எக்ஸ்ட்ரா’ பெட்டியில் வையுங்கள். தேதிப் பெட்டியில் விகாரி என்று எழுதினால் மென்பொருள் விழிக்கும்.

மேற்கோளில் ‘எட் ஆல்’, ‘பிபி’ என்றெல்லாம் ஆங்கிலம் வந்து நிற்பதற்கு என் வழி கொஞ்சம் நாட்டு வைத்தியம்தான். கடைசி வரைக்கும் அப்படியே விட்டு, இறுதிப் படியில் இணைப்பைத் துண்டித்தபின் ‘மற்றும் பலர்’, ‘பக்.’ என்று தேடி மாற்றுவேன். தமிழ் நூல்கள் தனியாக, ஆங்கில நூல்கள் தனியாக என்று நம் பல்கலைக்கழகங்கள் கேட்கிற இரட்டைப் பட்டியலையும் ஜோட்டேரோ தானாகப் பிரித்துத் தராது. அதையும் அந்தப் படியிலேயே வெட்டி ஒட்டிக்கொள்ளுங்கள். தமிழ் அகரவரிசையை ஒரு முறை நீங்களே சரி பாருங்கள்.

இணைப்பைத் துண்டிப்பது என்றால்?

வேர்டில் நீங்கள் செருகும் மேற்கோள் வெறும் எழுத்து அல்ல. பின்னால் ஒரு குறியீடு ஒளிந்திருக்கிறது. அதைச் சொடுக்கினால் சாம்பல் நிறத்தில் மின்னும். ‘அன்லிங்க் சைட்டேஷன்ஸ்’ கொடுத்தால் குறியீடு போய் வெறும் எழுத்தாகும். திரும்பி வராது. ஆகவே முதலில் கோப்பை வேறு பெயரில் படி எடுத்துவிட்டு, அந்தப் படியில் மட்டும் துண்டியுங்கள். திருத்தம் கேட்டுத் திரும்பி வந்தால் பழைய கோப்பில் வேலை செய்யலாம்.

கைடு மேற்கோளின் மேலேயே கையால் திருத்தி அனுப்புவார். அடுத்த ரிஃப்ரெஷில் அது அழிந்துபோகும், அல்லது மென்பொருள் “மாற்றியிருக்கிறீர்களே, விடவா?” என்று கேட்கும். திருத்தத்தைப் பதிவில் செய்யுங்கள், பக்கத்தில் செய்யாதீர்கள். உடன் எழுதுபவர் வேறு மென்பொருள் வைத்திருந்தால் ஒரே கோப்பில் இரண்டையும் கலக்க வேண்டாம். ஒருவர் மேற்கோள் செருகட்டும், மற்றவர் கமென்டில் எழுதட்டும்.

எங்கள் பல்கலைக்கழகத்துக்கென்று தனி நடை. அது பட்டியலில் இல்லையே?

ஜோட்டேரோவின் நடைக் களஞ்சியத்தில் பத்தாயிரத்துக்கு மேல் இருக்கின்றன. உங்கள் கையேட்டில் உள்ள மாதிரிப் பட்டியலுக்கு மிக நெருக்கமானதைத் தேடி எடுத்துச் சிறு திருத்தம் செய்யலாம். பல கையேடுகள் ‘ஏபிஏ’ என்று சொல்லிவிட்டு மாதிரியில் வேறொன்றைக் காட்டும். ஏழாம் பதிப்பில் பதிப்பக ஊர் கிடையாது. மாதிரியில் ‘சென்னை’ என்று இருந்தால் அவர்கள் ஆறாம் பதிப்பில் நிற்கிறார்கள். அலுவலகத்தில் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

மேற்கோள் மென்பொருள் பயன்படுத்தினால் சிமிலாரிட்டி குறையுமா?

சிமிலாரிட்டி என்பது பிறர் எழுத்தோடு ஒத்துப்போகும் அளவு. அது குறையாது, இரண்டுக்கும் சம்பந்தமில்லை. யுஜிசியின் 2018 விதிப்படி 10 சதவீதம் வரை தண்டனை இல்லை. 10க்கு மேல் 40 வரை போனால் ஆறு மாதத்துக்குள் திருத்தித் தர வேண்டும். 60ஐத் தாண்டினால் ஆய்வுப் பதிவே ரத்து. துணைநூற்பட்டியல் அந்தக் கணக்கில் சேராது. மேற்கோள் குறி போடாமல் நாலு பத்தியை ஒட்டி, கடைசியில் ஒழுங்காக ரெஃபரன்ஸ் கொடுத்தாலும் சிக்கல் சிக்கல்தான்.

ஏஐ கொடுத்த ரெஃபரன்ஸ் பட்டியலை அப்படியே ஜோட்டேரோவில் ஏற்றலாமா?

ஒவ்வொரு டிஓஐயையும் மந்திரக்கோலில் ஒட்டுங்கள். சிலது ‘கிடைக்கவில்லை’ என்று வரும், அது போலி என்று சந்தேகப்பட உடனே தோன்றும். ஆபத்தானது மற்ற வகை. டிஓஐ உண்மையாக இருக்கும், ஆனால் வந்து இறங்குவது வேறொரு கட்டுரையாக இருக்கும். ஏஐ சொன்ன தலைப்பையும் வந்த தலைப்பையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 2023 ஜூனில் நியூயார்க்கில், நடக்கவே நடக்காத வழக்குகளை சாட்ஜிபிடி சொன்னபடி மனுவில் எழுதிய வழக்கறிஞர்களுக்கு நீதிமன்றம் 5,000 டாலர் அபராதம் போட்டது. வைவாவில் அபராதம் கிடையாது, மௌனம்தான் இருக்கும்.

இதோடு சேர்ந்த ஒரு நல்ல வசதி: திரும்பப் பெறப்பட்ட கட்டுரை உங்கள் நூலகத்தில் இருந்தால் ஜோட்டேரோ பதிவின் மேல் சிவப்புப் பட்டை காட்டும். 2019இலிருந்து இருக்கிறது. அந்தப் பட்டையைப் பார்த்து, இரண்டு இயல்களைத் திருத்திய ஆய்வாளர் ஒருவரை எனக்குத் தெரியும். அதுவரை அந்தக் கட்டுரையைத்தான் அடித்தளமாக வைத்திருந்தார்.

பாதி ஆய்வு மெண்டலியில் முடிந்துவிட்டது. இப்போது மாறலாமா?

அடுத்த மாதம் சமர்ப்பிப்பு என்றால் அசையாதீர்கள். ஒரு வருடத்துக்கு மேல் இருந்தால் மாறலாம். ஆர்ஐஎஸ் (எல்லா மென்பொருளும் படிக்கிற பொது வடிவம்) கோப்பாக ஏற்றுமதி செய்யாமல், ஜோட்டேரோவின் இறக்குமதி மெனுவில் மெண்டலியைத் தேர்ந்தெடுத்து உங்கள் கணக்கில் நுழைந்து இழுங்கள். கோப்புறைகளும் பிடிஎஃப் குறிப்புகளும் சேர்ந்து வரும். ஆர்ஐஎஸ் வழியில் பதிவு மட்டும் வரும், நீங்கள் மஞ்சள் பூசிய வரிகள் வராது.

ஜோட்டேரோவுக்கும் இதே சோதனையை வைக்க வேண்டும் அல்லவா? அதன் பிடிஎஃப் ரீடரில் நீங்கள் பூசும் மஞ்சள் பிடிஎஃபுக்குள் எழுதப்படுவதில்லை, தரவுத்தளத்தில்தான் இருக்கிறது. கோப்பை நேராக நகலெடுத்தால் வெற்றுப் பிடிஎஃப்தான் கிடைக்கும். குறிப்போடு வேண்டும் என்றால் ‘எக்ஸ்போர்ட் பிடிஎஃப்’ கொடுக்க வேண்டும்.

பட்டம் வாங்கிவிட்டேன். இனி என்ன?

கணக்கை எந்த மின்னஞ்சலில் தொடங்கினீர்கள் என்று பாருங்கள். பல்கலைக்கழக முகவரி என்றால், அது மூடப்படும் முன் சொந்த முகவரியைச் சேர்த்துவிடுங்கள். பல்கலைக்கழக உரிமத்தில் எண்ட்நோட் வைத்திருந்தால், உரிமம் முடியும் முன் முழு நூலகத்தையும் ஒரு படி ஆர்ஐஎஸ் ஆகவும், இன்னொரு படி அதன் சொந்த வடிவத்திலும் எடுத்து வையுங்கள். பட்டமளிப்பு விழாவுக்கு அடுத்த வாரம் வந்து, “சார், லாகின் ஆகவில்லை” என்று நிற்பவர்கள் வருடத்துக்கு இரண்டு மூன்று பேராவது இருக்கிறார்கள். ஐடி பிரிவு அப்போதும் உதவும். ஒரு கடிதம், துறைத்தலைவர் கையெழுத்து, பத்து நாள்.